முப்பத்தேழு டிகிரிப் பொய்

அத்தியாயம் 6

மணி மூன்றேகால். ஐந்து மணிக்கு அந்தக் கடிதம் பல்கலைக்கழகப் பட்டக் குழுவுக்குப் போய்விடும். போய்விட்டால் ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பு குப்பைக்கூடைக்குப் போகும், பெயருக்கு முன்னால் 'பொய்க்காரி' என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். இத்தனையும் தெரிந்திருந்தும் அக்கா ஆராய்ச்சிக்கூட வாசலில் குனிந்து, ஷூவுக்கு மேல் மாட்டிய நீல உறையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது கால் உறை. இஸ்திரி போட்டுத் தரணுமா?"

"பேசாம உன் உறையை மாட்டு. வலது காலுக்கு ரெண்டு போட்டிருக்கே. இடது காலுக்கு ஒண்ணுமே இல்ல."

இதனால்தான் ஊரில் அவளுக்கு 'நிதானம்' என்றும் எனக்கு 'அவசரம்' என்றும் பெயர். அவள் என் பெரியப்பா மகள். பதினோரு வருடம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை நடத்தியவள். ஒருநாள் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜின் விளக்கு எரியாததை வைத்தே நகைத் திருடனைப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் பழைய பலகையைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கம் 'துப்பறியும் நிறுவனம்' என்று எழுதி மாட்டிவிட்டாள். பலத்த காற்று அடிக்கிற நாட்களில் பலகை திரும்பிக்கொள்ளும், யாராவது ஐஸ் கட்டவில்லை என்று வந்து நிற்பார்கள். அக்கா அதையும் பார்த்துக் கொடுப்பாள்.

எங்களைக் கூப்பிட்டவள் உள்ளே வெள்ளை அங்கியோடு காத்திருந்தாள். டாக்டர் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் வீட்டில் எல்லோரும் அவளைக் 'காளான் டாக்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"மேடம், யாரோ என் பூஞ்சையை மாத்திட்டாங்க."

"உட்காரும்மா. முதல்ல உன் பூஞ்சை யாரு, என்ன பண்ணும், சொல்லு" என்றாள் அக்கா, ஏதோ காணாமல் போன பிள்ளையை விசாரிப்பதுபோல.

காளான் டாக்டர் என்னைப் பார்த்தாள். "சார், இப்போ ஒரு மூச்சு இழுத்தீங்களே. அதுல நாலஞ்சு பூஞ்சை வித்து உள்ளே போயிருக்கும்."

நான் மூச்சை நிறுத்தினேன்.

"பயப்படாதீங்க. பெரும்பாலான பூஞ்சைக்கு மனுஷ உடம்பு கொதிக்கிற அடுப்பு. முப்பத்தேழு டிகிரி சூடு. உள்ளே போனா பிழைக்காது. ஆனா ஒரு சிலதுக்கு அந்தச் சூட்டைத் தாங்குற ஜீன் இருக்கு. நோய் கொடுக்கிறது அந்தக் கூட்டம்தான். அதுலயும் நான் வளர்க்கிறது பலே ஆள். சூட்டைத் தாங்க ஒரு ஜீன். மேல கறுப்பு பூசிக்க இன்னொரு ஜீன். நம்ம உடம்போட காவல்காரச் செல்கள் பிடிச்சு வெளுத்து வாங்கினாலும் அந்தக் கறுப்பு அதைக் காப்பாத்திடும்."

"திருடனுக்கு ரெயின்கோட்டும் கொடுத்து, ஹெல்மெட்டும் கொடுத்த மாதிரி" என்றேன், மூச்சை விட்டுவிட்டு.

"அந்த ரெண்டையும் நான் வெட்டி எடுத்துட்டேன். என் பூஞ்சை வெள்ளையா இருக்கும். இருபத்தஞ்சு, முப்பது டிகிரியில ஜம்முனு வளரும். முப்பத்தேழுல வெச்சா செத்துடும். எதை எடுத்தா அது சாகுதுன்னு தெரிஞ்சா, அந்த இடத்தைப் பார்த்து அடிக்கிற மருந்தைத் தேடலாம் இல்லையா?"

"இப்போ மருந்தே இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் தலையாட்டினாள். "இருக்கு. என் அப்பாவுக்கு மாத்துச் சிறுநீரகம் வெச்சிருந்தாங்க மேடம். அந்தச் சமயம் பார்த்து இது நுரையீரலுக்குள்ள புகுந்துடுச்சு. பூஞ்சையைக் கொன்ன மருந்து சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுத்துடுச்சு. அப்பா பிழைச்சுட்டார். அந்தச் சிறுநீரகம் பிழைக்கல. அது எங்கம்மா கொடுத்தது."

அக்கா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

"சரி. இப்போ கதைக்கு வா."

கதை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வெள்ளைப் பூஞ்சையைத் துறைத் தலைவர் தன் சொந்த அறையில், பூட்டுப் போட்ட தன் சொந்தச் சூட்டுப் பெட்டியில் முப்பத்தேழு டிகிரியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பட்டக் குழு இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னது. இந்த மூன்று வாரத்தில் தலைவர் மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் பூஞ்சை பூத்துக் குலுங்கிவிட்டது. தலைவர் உட்கார்ந்து, அவள் காட்டிய முடிவு பொய் என்று கடிதம் எழுதிவிட்டார்.

"பெட்டிச் சாவி யார்கிட்ட?" என்றேன் நான், விசாரணையை நானே முடித்துவிடும் வேகத்தில்.

"தலைவர்கிட்ட ஒண்ணு. கூட்டிப் பெருக்குற அம்மாகிட்ட ஒண்ணு."

"முடிஞ்சுது! அந்த அம்மாவுக்கு யாரோ ஆசை காட்டி, ஜீன் வெட்டாத, ரெயின்கோட்டு போட்ட காட்டுப் பூஞ்சையை உள்ளே வெச்சு..."

"முளைச்சது என்ன நிறம்?" என்றாள் அக்கா, என் பேச்சின் நடுவில்.

"வெள்ளை."

"காட்டுப் பூஞ்சையா இருந்தா?"

"ஒரு விதையை அரைச்சுப் போட்டுத்தான் தட்டுல சாப்பாடு கலக்குறோம். அதைத் தின்னா காட்டுப் பூஞ்சை ரெண்டு நாள்ல கறுத்துடும். எங்க தலைவருக்குக் காட்டுப் பூஞ்சையைக் கண்டாலே ஆகாது. தன் ரூமுக்குள்ள விடவே மாட்டார். அந்தப் பெட்டியில மூணு வாரமா என்னோட வெள்ளை மட்டும்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளிறிப்போனது. "அப்போ யாரும் மாத்தல. முளைச்சது என்னுதுதான்."

"ஆமா."

"அப்போ நான்தான் தப்பா? மூணு வருஷமும்?"

காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரையே கவிழ்க்கிற துப்பறியும் நிறுவனம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"அவசரப்படாதே. அதுக்கு இவன் ஒருத்தன் இருக்கான்" என்று அக்கா என்னைக் காட்டினாள். "உன் பூஞ்சை பொய் சொல்லல. நீயும் பொய் சொல்லல. அப்புறம் அந்த ரூம்ல பேசினது யாரு? பெட்டி. அது பேசினதை யாராவது சரிபார்த்தாங்களா? தட்டோட போட்டோ இருக்கா?"

போனில் இருந்தது. பன்னிரண்டு வட்டத் தட்டுகள், வரிசையாக. அக்கா படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். நான் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"ஓரத்துல 'மே', 'ந', 'கீ'ன்னு எழுதியிருக்கே?"

"மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு. அடுக்குக்கு நாலு தட்டு."

"கீழ் அடுக்குல இருந்த நாலும் கொழுகொழுன்னு இருக்கு. நடுவுல நோஞ்சான். மேல மூணு தட்டு காலி, ஓரத்துல இருந்த ஒண்ணுல மட்டும் பொட்டு மாதிரி. தலைவர் என்ன எழுதியிருக்கார்?"

"பன்னிரண்டுல ஒன்பது முளைச்சுதுன்னு."

"எண்ணத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பார்க்கத் தெரியல" என்று அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிட்டது, ஏனென்றால் அக்கா சிரித்தால் பாதி வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

காளான் டாக்டரோடு நாங்கள் தலைவர் அறைக்குப் போன நடையில் அந்தக் கூட்டிப் பெருக்கும் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் குறுக்கி அவரை முறைத்தேன். அவர் பதிலுக்கு என் கால் உறையை முறைத்தார்.

"அம்மா, தலைவர் பெட்டியை நீங்க திறப்பீங்களா?" என்றாள் அக்கா.

"நானா? அந்த மனுஷன் நான் கையை மூணு தடவை கழுவினாத்தான் கதவுப் பக்கமே விடுவார். கைப்பிடியை டிஷ்யூ வெச்சுத்தான் தொடுவார். வாசல்ல தும்மினதுக்கு என்னை ஒரு வாரம் லீவுல அனுப்பினார்."

"அவர் ரூம்ல வேலை அதிகமோ?"

"முன்னே இல்ல. இப்போதான் இந்தக் கெட்டில் இழவு. ஒரு நாளைக்கு மூணு தடவை தண்ணி பிடிச்சுக் கொண்டுபோய் வைக்கணும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வீட்டுக்குக் கிளம்புறப்ப ஒண்ணு. மனுஷன் டீயும் குடிக்க மாட்டார், காப்பியும் குடிக்க மாட்டார். அந்த ரூம்ல ஒரு டம்ளர்கூடக் கிடையாது. கொதிச்ச தண்ணியெல்லாம் எங்க போகுதோ!"

"எத்தனை நாளா?"

"ஆண்டு விழாவுக்கு மறுநாள்லேர்ந்து."

அக்கா தலையாட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெருமைக்காக நானும் தலையாட்டினேன்.

தலைவர் அறையில் குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. சுவர் பூராவும் சான்றிதழ். நடுநாயகமாக, சட்டம் போட்ட ஒரு புகைப்படம்: கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் மேடையில் தலைகீழாக நிற்கிறார். கோட்டு வால் முகத்தை மறைக்க, கழுத்துப்பட்டை தரையில் தொங்குகிறது. சுற்றிலும் ஆட்கள் கை தட்டுகிறார்கள். படத்தின் கீழே மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"ஆண்டு விழாவில எடுத்தது" என்றார் தலைவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. கை கொடுக்கவில்லை. "அறுபது வயசுல யாராவது இப்படி நிக்க முடியுமான்னு ஒருத்தர் கேட்டார். நின்னு காட்டினேன். ரெண்டரை நிமிஷம்."

"அபாரம் சார்!" என்றபடி அக்கா நைசாக அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "சார், இங்கே ஒரு நிமிஷம்."

தலைவர் திரும்பினார். திரும்பினார் என்றால் தலை திரும்பவில்லை, நாற்காலியோடு ஆள் மொத்தமாகச் சுற்றி வந்தார். அந்தஸ்து தரும் தோரணை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சட்டையில் இஸ்திரி மொடமொடவென்று நின்றது. பின்கழுத்துக் காலர் மட்டும் ஈரத்தில் துவண்டு கிடந்தது.

மேஜையில் அந்தக் கடிதம் உறைக்குள் தயாராக இருந்தது. வாய் மட்டும்தான் ஒட்டவில்லை.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்" என்றார் தலைவர். "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. வருத்தம்தான். என் பெட்டியில நானே வெச்சேன், நானே எண்ணினேன். தினமும் நம்பரைப் பார்த்தேன். ஒரு நாள்கூட முப்பத்தேழுக்குக் கீழ இறங்கினதில்ல."

"பார்க்கலாமா சார்?"

அவர் டிஷ்யூவால் சாவியைப் பிடித்துத் திறந்தார். மூலையில் இருந்தது அந்தப் பெட்டி. காற்றாடி இல்லாத பழைய வகை. மூன்று அடுக்கு, முகப்பில் சிவப்பு எண்: 37.0. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு, தலைவர் கையெழுத்தோடு: 'இந்தப் பெட்டிக்குள் தட்டுகளைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது.'

அக்கா தன் பழைய ரிப்பேர்ப் பையைத் திறந்து, ஒயர் நீண்ட ஒரு தெர்மாமீட்டரை எடுத்தாள்.

"டேய், கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"சாட்சி சொல்ல."

அக்குளுக்குள் ஐஸ் போல ஏதோ நுழைந்தது. நான் நெளிந்தேன், துள்ளினேன், பிறகு அடங்கினேன். ஒரு நிமிடம் போனதும் அக்கா எண்ணைத் தலைவரிடம் காட்டினாள். "முப்பத்தாறு புள்ளி ஏழு. தெர்மாமீட்டரும் சரி. இவனும் மனுஷன்தான்."

"அது தெரியறதுக்கு உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா?" என்றேன்.

அக்கா கையுறை மாட்டிக்கொண்டு ஒயரின் முனையைப் பெட்டியின் கீழ் அடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாள். நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. முப்பத்தொன்று. இருபத்தொன்பதரையில் வந்து நின்றது, அசையவில்லை.

முகப்பில் சிவப்பு எண் கூச்சமே இல்லாமல் சொன்னது: 37.0.

"முடியாது" என்றார் தலைவர்.

"ஃப்ரிட்ஜ் கடையில இதைப் பத்தாயிரம் தடவை பார்த்திருக்கேன் சார். அந்த நம்பர் பெட்டியோட சூடு இல்ல. மேல, பின்பக்கம், ஒரு பட்டாணி அளவு சென்சார் இருக்கு. அது இருக்கிற இடத்தோட சூடு மட்டும்தான் அந்த நம்பர். அது பக்கத்துல கொதிக்கக் கொதிக்க எதையாவது வெச்சா, பெட்டி முழுக்க சூடா இருக்குன்னு அது நம்பிடும். ஹீட்டர் படுத்துத் தூங்கிடும். உங்க ரூமோ ஐஸ் பெட்டி. அப்போ கீழ் அடுக்கு என்ன ஆகும்?"

"குளிர்ந்துடும்" என்றாள் காளான் டாக்டர். "என் பூஞ்சைக்குப் பிடிச்ச சூடு!"

"அதான் கீழ கொழுகொழு, நடுவுல நோஞ்சான். மேல சூடு பட்ட இடத்துல ஒண்ணுமே இல்ல. பெட்டி சொன்ன பொய்யை உன் பூஞ்சை அடுக்கு வாரியா எழுதிக் காட்டியிருக்கும்மா. உன் பூஞ்சையை விட நல்ல தெர்மாமீட்டர் என் பையிலகூட இல்ல."

"அப்படி எதை வெச்சாங்க? யார் வெச்சாங்க?" என்று நான் கத்தினேன். பொறுமை எனக்குப் பரம்பரையில் இல்லை.

அக்கா நிதானமாகப் புகைப்படத்தைப் பார்த்தாள். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதே பெட்டி, இதே பூஞ்சை, ஒழுங்காச் செத்துச்சு. நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர் ரெண்டரை நிமிஷம் தலைகீழா நின்னார். மறுநாள்லேர்ந்து இந்த ரூம்ல மூணு வேளையும் தண்ணி கொதிக்குது, யாரும் குடிக்கல. சார், கொஞ்சம் தலையை மட்டும் திருப்பி அந்தப் படத்தைப் பாருங்களேன்."

தலைவர் தலையைத் திருப்பப் பார்த்தார். "ஆ!" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அக்கா மேல் அடுக்கில் கைவிட்டு, வரிசையாக இருந்த காலித் தட்டுகளுக்குப் பின்னால் துழாவினாள். துண்டில் சுற்றிய, குண்டான, சிவப்பு ரப்பர் ஒத்தடப் பை ஒன்று வெளியே வந்தது. உள்ளே தண்ணீர் களக் களக் என்றது.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன், மறுபடி கையெழுத்தைப் பார்த்தேன். கையும் களவுமாக அகப்பட்டவரின் காது மடல் இரண்டும் பையின் நிறத்துக்கு வந்துவிட்டன.

"நான்... அத்தனை பேர் கை தட்டினாங்க" என்றார் தலைவர் தரையைப் பார்த்து. "கழுத்து பிடிச்சிருக்குன்னு வெளியே எப்படிச் சொல்றது? மேஜை மேல வெச்சா எல்லாரும் பார்ப்பாங்க, சீக்கிரம் ஆறியும் போயிடும். சூடான பெட்டிக்குள்ள சூடான பையை வெச்சா என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன். தினமும் நம்பரைப் பார்த்தேனே! முப்பத்தேழுதான் காட்டுச்சு!"

"அந்த நம்பரே உங்க பைதான் சார்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டையும் ஒரே மூக்கால் செய்துகொண்டிருந்தாள். மணி நாலு ஐம்பது.

எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்குவது பெரிய மனிதர்களுக்குக் கஷ்டம். தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, பெட்டி தப்புதான். ஆனா அதனால மட்டும் இவ ஆராய்ச்சி சரின்னு ஆயிடாது. இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம் சோதிக்கணும். கடிதம் போகட்டும். அப்புறம் ஒரு விளக்கம் எழுதிக்கலாம்."

காளான் டாக்டரின் முகம் மறுபடி வாடியது. ஒரு தடவை போன கடிதம் போனதுதான். அதற்குப் பிறகு வருகிற விளக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையை அவர் தலையிலேயே பிழிந்திருப்பேன்.

அக்காவோ சாவதானமாகப் பையைத் துண்டால் மூடினாள். "உங்க இஷ்டம் சார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பை மூணு வாரமா பூஞ்சையோடவே குடித்தனம் பண்ணியிருக்கு. நீங்க அதை எடுத்து எங்க வெச்சுக்கிட்டீங்க?"

தலைவரின் கை மெதுவாக மேலே போய்ப் பின்கழுத்தில் நின்றது.

"முகத்துக்கு இவ்வளவு பக்கத்துல" என்றாள் அக்கா. "ஒரு நாளைக்கு மூணு வேளை."

வாசலில் ஒருவர் தும்மியதற்கு ஒரு வாரம் லீவு கொடுத்த மனிதர் அவர். பேயறைந்தவர்போல அந்தப் பையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது, அந்தக் குளிரிலும்.

"அது... அது உள்ளே போயிருந்தா?"

"அதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்ல சார்" என்றாள் அக்கா. "உங்க கடிதம் சொல்ற மாதிரி அது மனுஷ உடம்புச் சூட்டுல வளருதுன்னா, நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நல்லது. இவ சொல்ற மாதிரி அந்தச் சூட்டுல அது செத்துடும்னா, வீட்டுக்குப் போய்க் கழுத்துக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கலாம். ரெண்டுல நீங்க எதை நம்புறீங்க?"

தலைவர் உறையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு கழுத்து வலியை மறந்து, தலையைத் திருப்பி, தான் பொய்க்காரி என்று எழுதியிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் கலங்கிப்போயிருந்தன.

"அது செத்துடும்தானேம்மா?" என்றார். "நிச்சயமா செத்துடும்தானே?"

காளான் டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேஜையிலிருந்து அந்த உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மூணு வருஷமா நான் வேற என்ன சார் சொல்லிக்கிட்டிருக்கேன்?"

ஐந்து மணி அடிப்பதற்குள் கடிதம் எட்டுத் துண்டாகிவிட்டது. கிழித்தவர் டிஷ்யூகூட எடுக்கவில்லை, வெறும் கையால்தான் கிழித்தார்.